கொட்மீன்களின் உறவும் கடலின் நிறைவும்

மீனெண்ணெய் என்ற பெயரைக் கேட்டதும் முகஞ்சுளியாத சிறுவர் முன்னாளில் நம்மிடையே மிகச் சிலரே. உடல் தேறுதற்பொருட்டுக் கரண்டியிலே புகட்டப்பட்ட அவ்வெண்ணெய், வட அத்திலாந்திக்குச் சமுத்திரத்தில் வாழும் கொட் என்னும் மீனின் ஈரலிலிருந்து வடிக்கப்படுவதாகும். ஐரோப்பாவின் வடகரை தொடக்கம் கனடாவின் கீழ்கரை வரை பரந்து வாழும் இம்மீன், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாட்டு மக்களுக்கு உணவாகவும் வணிகப் பொருளாகவும் விளங்கி வந்தது. உப்பிடாது குளிர்காற்றிலே தொங்கவிட்டு உலர்த்திய நோர்வேக் கொட் கருவாடு, இடைக்கால ஐரோப்பாவின் தொலைச் சந்தைகளுக்கெல்லாம் சென்றது.

கனடாவைச் சார்ந்த நியூபவுண்லாந்துத் தீவின் கடலிலும் இம்மீன் அளவின்றி நிறைந்திருந்தது. 1497 ஆம் ஆண்டில் ஜோன் கபொற் என்னும் மாலுமி அங்குச் சென்று மீண்டபின், அக்கடலில் வலையின்றிக் கூடையாலேயே மீனை அள்ளலாம் என்ற பேச்சு ஐரோப்பாவிற் பரவியது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அள்ளியும் அது வற்றவில்லை. ஆயின், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல நாடுகளின் பெரும் இழுவைக் கப்பல்கள் அங்கே வந்து குவிந்தன. 1968 இல் ஓராண்டுப் பிடி மாத்திரம் 8 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்டது. 1977 இல் கனடா 200 கடல்மைல் எல்லையை வகுத்து அயல்நாட்டுக் கப்பல்களை விலக்கியது. எனினும், இருக்கும் மீனின் அளவை மிகையாக மதிப்பிட்டுக் கனேடியரே அளவுக்கு மிஞ்சிப் பிடித்தனர். நீரின் கடுங்குளிரும் உடன்சேர, மீன் அற்றுப்போயிற்று. 1992 யூலை 2 ஆந் திகதி அரசாங்கம் அம்மீன்பிடியைத் தடைசெய்தது. 30,000க்கு மேற்பட்ட மக்கள் தொழிலிழந்தனர். ஈராண்டில் நீங்குமென எண்ணப்பட்ட அத்தடை, கரையோரத்திலே சிற்றளவிற் பிடிக்க இடையிடையே இசைவு தரப்பட்டதேயன்றி, 32 ஆண்டுகள் நீடித்தது. 2024 இல் தடை நீக்கப்பட்டபோது அவ்வாண்டுக்கென வகுக்கப்பட்ட மொத்தப் பிடி 18,000 தொன் மாத்திரமே.

இங்கே ஒரு வினா எழுகின்றது. கடலுக்கு வேலியில்லை. கொட்மீன் யாவும் ஓரினம். அவ்வாறாயின், ஓரிடத்து மீன் குறைந்தவிடத்து அயற்கடல் மீன் வந்து அக்குறையை நிரப்பாதது ஏன்? இவ்வினாவுக்குப் பிறப்புரிமையியல் தரும் விடையையும், அவ்விடையைப் பிழையாக விளங்கிக்கொள்வதால் வரும் கேட்டையும் எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சில சொற்களைத் தெளிவுபடுத்துவோம். ஓரிடத்தில், ஒரு காலத்தில், தம்முட் கூடி இனம்பெருக்கும் ஓரின உயிர்களின் தொகுதியைக் குடித்தொகை என்பர். ஒரு குடித்தொகையிற் பிறந்த உயிர் வேறொரு குடித்தொகையிற் சென்று கலந்து சந்ததி விடுமாயின், அதனுடைய பரம்பரையலகுகள் அங்கே புகும். மரபணு என இக்காலத்தார் பெரிதும் வழங்குவதும் இப்பரம்பரையலகையே. இங்ஙனம் குடித்தொகைகளிடையே நிகழும் கொடுக்கல் வாங்கலே பிறப்புரிமைத் தொடர்பு எனப்படும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் உயிர்கள் அங்குள்ள எண்ணிக்கையையே கூட்டத்தக்க அளவினவாயின், அதனை எண்ணிக்கைத் தொடர்பு எனலாம். இவ்விரண்டும் ஒன்றல்ல. இவ்வேறுபாடே பின்வருவன யாவற்றுக்கும் அடிப்படையாகும்.

கொட்மீனின் வாழ்க்கையை நோக்குவார்க்கு, அம்மீன்கள் யாவும் ஒரே குடித்தொகையாகவே இருத்தல் வேண்டுமெனத் தோன்றுதல் இயல்பு. வளர்ந்த பெண்மீன் ஒன்று ஒரு பருவத்திற் பல இலட்சம் முட்டைகளை இடும். அம்முட்டைகள் நீரின் மேற்பகுதியில் மிதந்து நீரோட்டத்தோடு செல்லும். இரண்டு மூன்று கிழமைகளில் அவற்றிலிருந்து குடம்பிகள் வெளிவரும். அவையும் சில மாதங்கள் மிதந்து திரிந்த பின்னரே கடலடியைச் சேரும். நோர்வேயின் வடபாலுள்ள லொபோட்டன் தீவுகளின் அயலில் இடப்படும் முட்டைகளும் அவற்றின் குடம்பிகளும், கரையோர நீரோட்டத்தால் நெடுந்தூரம் சென்று பாரென்ற்ஸ் கடலை அடைகின்றன. இவ்வாறு அலைந்து திரியும் உயிரினத்தில் ஊருக்கொரு குடி எவ்வாறு நிலைபெறும் என்று முன்னாளைய அறிஞர் பலர் ஐயுற்றனர்.

அவ்வையத்தை நீக்க முயன்றோருள் ஜேர்மனியரான ஹைங்கே முன்னோடியாவார். அவர் 1898 இல் ஹெரிங் என்னும் மீனின் உடலுறுப்புக்களைப் பல்லாயிரக்கணக்கில் அளந்து, ஓரினத்துள்ளேயே இடத்துக்கு இடம் வேறுபட்ட வகுப்புகள் உண்டென நிறுவினார். விலாங்குமீனின் பிறப்பிடத்தைத் தேடிப் புகழ்பெற்ற டேனிய அறிஞர் ஜொகானஸ் ஸ்மிற், கொட்மீனின் முதுகெலும்புக் கணுக்களை எண்ணி, அவற்றின் சராசரித் தொகை கடலுக்குக் கடல் வேறுபடுதலை 1930 இல் வெளியிட்டார். ஆயினும், கணுக்களின் தொகை முட்டை பொரிக்கும் நீரின் வெப்பநிலையாலும் மாறத்தக்கது. ஆதலின், அது பிறப்பால் வந்த வேறுபாடோ வளர்ப்பால் வந்த வேறுபாடோ எனத் துணிதல் அரிதாயிற்று. பெற்றோரிடமிருந்து மாறாது வரும் அடையாளமே வேண்டப்பட்டது. 1961 இல் குனுட் சிக் என்னும் டேனிய அறிஞர், கொட்மீனின் குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒரே வடிவினதன்று எனவும், அவ்வேறுபாடு பரம்பரையாக வருவது எனவும் காட்டினார். பின்னர் டி.என்.ஏ. என்னும் பரம்பரைப் பொருளையே எழுத்தெழுத்தாகப் படிக்கும் முறைகள் வந்தன. 2011 இல் கொட்மீனின் முழுப் பரம்பரைத் தொகுதியும் வாசிக்கப்பட்டு வெளியாயிற்று.

அடையாளம் கிடைத்துவிட்டது, அதனை எவ்வாறு பொருள்கொள்வது? இதற்கு அமெரிக்க அறிஞரான சூவால் றைற் 1931 இல் வழிகாட்டினார். பிரிந்து வாழும் இரு குடித்தொகைகளில், ஒரு பரம்பரையலகின் வெவ்வேறு வடிவங்களான எதிருருக்கள் எழுந்தமானமாகக் கூடியும் குறைந்தும் வரும். நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஐந்து தலையும் ஐந்து பூவும் எப்போதும் விழுவதில்லை அன்றோ? அதுபோல, பெற்றோரின் எதிருருக்கள் பிள்ளைகளிடம் அதே விகிதத்தில் அமைவதில்லை. தலைமுறைதோறும் நிகழும் இச்சிறு பிறழ்வு பிறப்புரிமை நகர்வு எனப்படும். அது குடித்தொகைகளை வேறுபடுத்தும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் குடிபெயர்வோ அவற்றை ஒன்றுபடுத்தும். இவ்விரண்டும் எதிரெதிரே இழுக்க, ஈற்றில் ஒரு சமநிலை உண்டாகும்.

அச்சமநிலையிலுள்ள வேறுபாட்டை 0 முதல் 1 வரையுள்ள ஓரெண்ணாற் குறிப்பர். முற்றும் ஒத்திருப்பின் 0. முற்றும் வேறாயின் 1. றைற்றின் கணக்கின்படி, தலைமுறைக்கு வந்து கலக்கும் உயிர்களின் தொகையை நான்காற் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, வரும் எண்ணால் ஒன்றை வகுத்தால் இவ்வேறுபாடு ஏறத்தாழக் கிடைக்கும். தலைமுறைக்கு 1 மீன் வந்து கலப்பின், வேறுபாடு ஐந்தில் ஒன்று, அதாவது 0.2. 10 மீன் கலப்பின் நாற்பத்தொன்றில் ஒன்று, அதாவது ஏறத்தாழ 0.024. 100 மீன் கலப்பின் ஏறத்தாழ 0.0025. இது கருவிகளாற் கண்டறிதற்கும் அரிய சிறு வேறுபாடு.

இக்கணக்கில் மாணவர் ஊன்றி நோக்கவேண்டிய புதுமை ஒன்றுண்டு. குடித்தொகையில் ஆயிரம் மீன் இருப்பினும் பத்து இலட்சம் மீன் இருப்பினும், விடையைத் தீர்மானிப்பது வந்து கலக்கும் மீன்களின் தொகையேயன்றி, அவை மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதன்று. பெரிய குடித்தொகையில் நகர்வு மெல்ல நிகழ்வதால், அதனை எதிர்த்து நிற்றற்குச் சிறு வரவே போதியதாகின்றது. இனி, இனம்பெருக்கும் மீன் 10 இலட்சம் உள்ள ஒரு கடலைக் கருதுக. அதிலே 9 இலட்சத்தை மனிதர் பிடித்துவிட்டனர் என்க. அயலிலிருந்து தலைமுறைக்கு 100 மீன் வருகின்றது. பரம்பரையலகுகளை ஆராயும் அறிஞர், இரு கடல் மீன்களும் ஒன்றே என்பார். அது மெய்யே. ஆனால், 9 இலட்சம் இழந்த இடத்தை 100 மீன் எங்ஙனம் நிரப்பும்?

நம் ஊர்வழக்கால் இதனை விளக்கலாம். தூரத்திலுள்ள இரண்டு கிராமத்தார் கொண்டும் கொடுத்தும் உறவாடி வருகின்றனர். ஆண்டுக்கு ஒரு பெண் அங்கிருந்து இங்கு வருகிறாள். ஒருத்தி இங்கிருந்து அங்கு போகிறாள். சில தலைமுறையில் இரு கிராமத்தாரும் ஒரே உறவினராகிவிடுவர். ஆயினும், ஒரு கிராமம் கொள்ளைநோயால் வெறுமையுற்றால், ஆண்டுக்கொருமுறை வரும் அம்மணமகள் அதன் வீடுகளையெல்லாம் நிரப்புதல் இயலாது. எஞ்சியோர் பெருகினாலன்றி அவ்வூர் தழைப்பதில்லை. உறவு வேறு, நிறைவு வேறு.

பரம்பரையலகுகள் ஒத்திருத்தலை நிகழ்காலத் தொடர்புக்குச் சான்றாகக் கொள்வதில் மற்றுமோர் இடரும் உண்டு. ஏறத்தாழ 11,700 ஆண்டுகளுக்கு முன்னரே கடைசிப் பனியுகம் முடிவுற்றது. பனி விலகிய பின்னரே வடகடற் கரைகள் பலவற்றில் மீன்கள் குடியேறின. கொட்மீனின் தலைமுறைக் கணக்கில் இது நீண்ட காலமன்று. குடித்தொகைகள் பெரியனவாயின், அவை முற்றாகப் பிரிந்த பின்னரும் நகர்வு அவற்றை வேறுபடுத்தற்கு நெடுங்காலஞ் செல்லும். எனவே, இன்று ஒத்துக் காணப்படும் இரு குடித்தொகைகள் இன்றும் கலப்பனவாதல் வேண்டுமென்பதில்லை. முன்னொருகால் ஒன்றாயிருந்தமையின் எச்சமாகவும் அவ்வொப்புமை இருக்கலாம். வேறுபாடு காணப்படின் பிரிவு உண்டென்று துணியலாம். வேறுபாடு காணப்படாமையாற் பிரிவு இல்லையென்று துணிதல் கூடாது.

இவ்வுண்மையை நோர்வேயின் கொட்மீன்கள் தெளிவாகக் காட்டுகின்றன. அந்நாட்டில் இருவகைக் கொட்மீன் உண்டு. ஒன்று பாரென்ற்ஸ் கடலில் வளர்ந்து, முதிர்ந்தபின் ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் நீந்தி மாரிப்பருவத்தில் லொபோட்டனுக்கு வந்து முட்டையிட்டு மீள்வது. அதனை அந்நாட்டார் ஸ்கிரை என்பர். மற்றையது பியோட் எனப்படும் ஒடுங்கிய கடற்கழிகளிலும் கரையோரத்திலும் நிலைத்து வாழ்வது. இரண்டும் லொபோட்டன் அயலில் ஏறத்தாழ ஒரே காலத்தில் முட்டையிடுகின்றன. ஒரே வலையிற் படுகின்றன. வெளித்தோற்றத்தாற் பிரித்தறிதல் எளிதன்று. 1933 இல் ரொலெவ்சன் என்னும் நோர்வே அறிஞர், மீனின் செவிக்கல்லில் மரத்தின் ஆண்டு வளையங்கள்போல அமையும் வளையங்களை ஆராய்ந்து, உள்வளையங்களின் வடிவத்தால் இருவகையையும் வேறுபிரித்தார்.

வளையத்தின் வடிவம் வளர்ப்பால் வந்ததோ பிறப்பால் வந்ததோ என்னும் பழைய வினா இங்கும் எழுந்தது. டி.என்.ஏ. ஆய்வு அதற்கு வியத்தகு விடை தந்தது. கொட்மீனின் 23 சோடி நிறமூர்த்தங்களுட் பெரும்பாலானவற்றில், இருவகைக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. ஆனால், முதலாம் நிறமூர்த்தத்தில் ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் எழுத்து நீளமுள்ள ஒரு பகுதியில் மாத்திரம் வேறுபாடு மிகப் பெரிது. அப்பகுதியில் அடுத்தடுத்துள்ள இரு துண்டுகள் தலைகீழாகப் புரண்டு அமைந்துள்ளன என 2016 இல் வெளியான ஆய்வு காட்டியது. நேராக அமைந்த துண்டும் தலைகீழான துண்டும் ஓருயிரிற் சேருமிடத்து, அவற்றிடையே வழக்கமான துண்டுமாற்றம் நிகழ்தல் அரிது. ஆகவே, அப்பகுதியிலுள்ள நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகள் கலையாது ஒரே கட்டாகச் சந்ததிக்குச் செல்கின்றன. நெடும்பயணஞ் செய்யும் வாழ்வுக்கும் ஓரிடத்து நிலைக்கும் வாழ்வுக்கும் வேண்டிய இயல்புகளை இயற்கைத் தேர்வு இவ்வாறு கட்டிக் காத்து வருகின்றது என அறிஞர் கருதுகின்றனர்.

இதனாற் பெறப்படுவது யாது? நிறமூர்த்தங்களின் பெரும்பகுதியை மாத்திரம் நோக்கியவர் இரண்டும் ஏறத்தாழ ஒன்றென்பார். சிறு கலப்பு இருந்து வருவதை அவ்வொப்புமை உணர்த்துகின்றது. ஆயின் வாழ்க்கைமுறையாலும் எண்ணிக்கையாலும் அவை இருவேறு குடிகள். 2013 இல் பாரென்ற்ஸ் கடற் கொட்மீன் மிகப் பெருகி, அவ்வாண்டுக்கு வகுக்கப்பட்ட பிடி 10 இலட்சம் தொன்னை எட்டியது. அதே காலத்தில் கரையோரக் கொட்மீன் மெலிந்த நிலையிலேயே இருந்தது. முற்றத்திலே வெள்ளம் பாய்ந்தும் கிணறு ஊறவில்லை. இருவகையையும் ஒன்றாக எண்ணி ஒரே அளவு வகுத்திருப்பின், பெரிய குடியின் செழிப்பு சிறிய குடியின் அழிவை மறைத்திருக்கும்.

நியூபவுண்லாந்தின் கதையும் இத்தகையதே. அங்குள்ள வடபகுதிக் கொட்மீன் முழுவதும் ஆட்சிமுறையில் ஒரே தொகுதியாகக் கருதப்பட்டது. இழைமணியின் டி.என்.ஏ.யை ஆராய்ந்த முந்திய ஆய்வுகள் அங்கே குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. பின்னர், டி.என்.ஏ.யில் மீளமீள வரும் குறுந்தொடர்களை எண்ணும் நுண்முறையைக் கையாண்டு 1996 இல் வெளியான ஆய்வு, கரையோரக் குடாக்களில் மாரியைக் கழிக்கும் மீனும் ஆழ்கடலில் மாரியைக் கழிக்கும் மீனும் சிறிது வேறுபடுவனவெனக் கண்டது. தடைக்குப் பின் திரினிற்றி விரிகுடாவைச் சேர்ந்த ஸ்மித் சவுண்ட் என்னும் ஒடுங்கிய கடற்கையிலே கொட்மீன் கூட்டம் ஒன்று செறிந்திருந்தது. ஆழ்கடலோ பல ஆண்டுகள் வெறிதே கிடந்தது. இரைமீனின் குறைவும் குளிரும் இதற்குக் காரணமாயின என்பது உண்மை. ஆயினும், அயலில் மீன் இருந்தமை ஒன்றே வெறுங்கடலை நிரப்பப் போதாதென்பதை அக்காலம் உணர்த்திற்று.

அவ்வாறாயின், பரம்பரையலகு ஆய்வாற் பயனில்லையோ எனின், அற்றன்று. எதனை அதனிடம் கேட்கலாம் என்று அறிந்து கேட்பின் அது பெரும்பயன் தருவது. லொபோட்டன் பகுதியில் முட்டையிடும் காலத்திற் பிடிபடும் மீன்களில் மாதிரி எடுத்து, முற்கூறிய நிறமூர்த்தப் பகுதியிலுள்ள ஓர் அடையாளத்தைச் சோதிக்கின்றனர். கரையோரக் கொட்மீனின் பங்கு எவ்வளவு என்பது விரைவில் தெரிந்துவிடும். அப்பங்கு மிகுதியாயின் அவ்விடத்தை மூடிவைப்பர். குறைவாயிற் பிடிக்க விடுவர். 2017 இல் வெளியான ஓராய்வில், வடஜேர்மனியின் ஹைதாபு என்னும் பழைய வைக்கிங் வணிகப்பட்டினத்திற் கிடைத்த கொட் எலும்புகளின் டி.என்.ஏ. சோதிக்கப்பட்டது. அம்மீன்கள் வடநோர்வேக் கடலிலிருந்து வந்தவை என்பது அதனாற் புலனாயிற்று. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கருவாட்டு வணிகத்துக்கும் இப்பரம்பரையெழுத்துச் சான்று பகர்கின்றது.

மீனுக்கு அடையாளமிட்டு விட்டு மீளப் பிடித்துப் பார்த்தல், செவிக்கல்லை ஆராய்தல், முட்டைகள் மிதக்கும் நீரோட்டத்தைக் கணித்தல் ஆகிய பழைய முறைகளும் இவ்வாய்வோடு சேர்தல் வேண்டும். தலைமுறை பலவற்றின் உறவைப் பரம்பரையலகு சொல்லும். இவ்வாண்டில் எத்தனை மீன் எங்குச் சென்றது என்பதை அடையாளமிட்ட மீன் சொல்லும். மீனவருக்கு இவ்வாண்டும் வருமாண்டும் வேண்டியது பின்னையதே.

நம்மவர்க்கும் இது தொலைநாட்டுச் செய்தி மாத்திரமன்று. நம் ஆழ்கடல் மீனவர் பிடிக்கும் மஞ்சட்செட்டைச் சூரைமீன், இந்து சமுத்திரம் முழுவதற்கும் ஒரே தொகுதியாகக் கொண்டே மதிப்பிடப்பட்டு வருகின்றது. இலங்கையும் உறுப்புரிமை பெற்ற இந்து சமுத்திரச் சூரைமீன் ஆணைக்குழுவே அம்மதிப்பீட்டைச் செய்விப்பது. இத்தகைய மீன்கள் யாவும் ஒன்றே என்று ஓர் ஆய்வு கூறுமிடத்து, நாம் உடனே கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: அவை உறவால் ஒன்றோ, அன்றி நம் கடலிற் குறைந்ததை அயற்கடல் நிரப்புமளவுக்கு ஒன்றோ?

கடலில் வேலியில்லை என்பது உண்மை. ஆயினும், மீன்கள் தமக்கென ஊரும் வழியும் பருவமும் வகுத்து வாழ்கின்றன என்பதும் அத்துணை உண்மையே. தலைமுறைக்கொரு சில மீன் அவ்வூர்களை உறவாற் பிணைக்கும். அழிந்த ஊரை மீட்பதற்கோ அவ்வூரிலேயே எஞ்சிய மீன்கள் வேண்டும். அவ்வெச்சத்தைக் காத்தல் மனிதர் கையிலுள்ளது. அதனைக் காவாது விட்டு, அயலிலிருந்து நிறையுமென்று காத்திருந்தவர்க்கு நேர்ந்ததை நியூபவுண்லாந்தின் 32 ஆண்டுகள் காட்டும்.